டிஜிட்டல் ஸ்கேன் என்றாலே துல்லியமா? பல் இம்பிளான்ட்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பல் அச்சு எடுப்பது என்றாலே பலருக்கும் குமட்டல்தான் ஞாபகம் வரும். வாய் நிறைய மாவு மாதிரி ஒன்றை அடைத்து, அது இறுகும் வரை அசையாமல் உட்கார வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. சின்ன ஸ்கேனரை வாய்க்குள் நகர்த்தினால் போதும், திரையில் முப்பரிமாணப் படம் ரெடி. 'எல்லாமே டிஜிட்டல், அதனால் துல்லியம்' என்று விளம்பரங்களும் வந்துவிட்டன.

வசதி, சரி. துல்லியம்? அது எத்தனை பல் என்பதைப் பொறுத்தது.

ஏன் முக்கியம்?

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய திசு உண்டு. கடிக்கும்போது பல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். டைட்டானியம் இம்பிளான்ட் எலும்போடு நேரடியாகப் பிணைவதால் அப்படி அசைந்து கொடுக்காது. மேலே மாட்டும் செயற்கைப் பல் சரியாக உட்காராவிட்டால் ஸ்க்ரூ தளரலாம், உடையவும் செய்யலாம். 100 முதல் 150 மைக்ரான், அதாவது 0.1 முதல் 0.15 மி.மீ. வரையிலான பிசகுதான் ஏற்கத்தக்க எல்லை என்று ஆய்வுகளில் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது.

எங்கே சறுக்குகிறது?

ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களாக எடுக்கிறது. மென்பொருள் அவற்றை ஒட்டுகிறது, மொபைலில் பனோரமா எடுப்பது போல. ஒன்றிரண்டு பல் என்றால் கவலையில்லை, பழைய அச்சுக்கு இணையான துல்லியம் கிடைக்கும். முழுத் தாடை என்றால் ஒவ்வொரு ஒட்டிலும் வரும் சிறு பிசகு சேர்ந்துகொண்டே போகும். பல் இல்லாத ஈறு வழவழவென்று ஒரே மாதிரி இருப்பதால், எதை எதோடு ஒட்டுவது என்று மென்பொருளும் குழம்பும்.

வழி என்ன?

இம்பிளான்ட்டுகளின் இடத்தை மட்டும் தனி கேமராவால் பதிவுசெய்யும் 'ஃபோட்டோகிராமெட்ரி' முழுத் தாடைக்குக் கைகொடுக்கிறது. இன்னொரு வழி, ஸ்கேன் அளவில் ஒரு மாதிரிச் சட்டம் செய்து வாயில் மாட்டிப் பார்ப்பது. ஒரு முனையில் மட்டும் ஸ்க்ரூவை முடுக்கும்போது மறுமுனை மேலே எழும்பினால், அளவு தப்பு.

முழுத் தாடைக்கு லட்சக்கணக்கில் வாங்கும் கிளினிக்குகள் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஸ்கேனரின் வரம்பையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "ஃபைனல் பல் செய்றதுக்கு முன்னாடி, அளவு சரியான்னு வாயில மாட்டிப் பார்ப்பீங்களா டாக்டர்?"