கடல் தாண்டும் ஊழியம், தெரு தாண்டாத சபை

நகரத்துச் சபை ஒன்றின் வாலிபர் ஐக்கியம் பத்து நாள் ஊழியப் பயணமாக இலங்கைக்குப் போய் வந்தது. திரும்பிய அடுத்த ஞாயிறு மாலை சாட்சிக் கூட்டம். அந்தக் குருசேகரத்தின் காலனிப் பிள்ளைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறவர்கள் என்பதால் எங்களையும் அழைத்திருந்தார்கள். போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையில் ஓடிய படங்களைப் பார்த்தோம்.

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே நிற டி-ஷர்ட்டில் 18 பேர். முன்பள்ளிச் சுவருக்கு நீலப் பெயிண்ட். 120 பள்ளிப் பைகள். லயன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி. அந்தப் படம் வந்ததும் இருபது வயதுத் தம்பி ஒருவர் மைக்கைப் பிடித்தார். "எங்க பூட்டன் எல்லாம் உங்க பக்கந்தான் தம்பி" என்று சொல்லி, பாட்டி ஓர் ஊரின் பெயரைச் சொன்னாராம். அந்த ஊர் சபையிலிருந்து ஆறு கிலோமீட்டர். "கர்த்தர் எவ்வளவு அற்புதமா நடத்துறாரு பாருங்க" என்றபோது தம்பிக்குக் குரல் தழுதழுத்தது. கூட்டம் கைதட்டியது.

டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டோம்: "அந்த ஊர்ல எந்தத் தெருன்னு பாட்டி சொன்னாங்களா தம்பி?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்தில் நின்ற கமிட்டிப் பெரியவருக்குப் புரிந்தது. பேச்சை மாற்றினார்.

அந்தத் தெருவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலையகத் தமிழர் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்காது. 1820களில் தொடங்கி, முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் சேரி மக்கள். பஞ்சமும் கடனும் பண்ணையடிமைத்தனமும் துரத்த, கங்காணி பின்னால் படகேறினார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். அவர்கள் நினைவாகத்தான், மலையகம் 200ஐ ஒட்டி, 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. இன்றும் அங்கே பல ஆயிரம் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன் அறை நிற்கும் மண்ணுக்குப் பட்டா இல்லாமல் இருக்கின்றன.

ஆக, நம் தம்பி கடல் தாண்டிப் போய்ச் சந்தித்தது யாரை? தன் ஊரின் சேரியை. அவருடைய தாத்தாக்களின் வயலில் கூலி அளந்து வாங்கிய வீட்டுப் பேத்தியை. அதே ஊர்க் காலனியில் அதே குருசேகரத்தின் கிளைச் சபை ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டிக்குப் பங்காளி முறை ஆகக்கூடியவர்கள் இன்றைக்கும் அங்கே ஞாயிறுதோறும் பாய் விரித்து உட்கார்ந்து ஆராதிக்கிறார்கள். அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டோம். "கிறிஸ்மஸ் கேரலுக்கு வேன்ல போனோம் அண்ணா" என்றார். இறங்கினீர்களா, யார் வீட்டிலாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டோம். அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "இல்லண்ணா" என்றார்.

லயன் அறையில் அவர் சாப்பிட்டிருக்கிறார். அந்தப் படமும் திரையில் வந்தது.

ஏன் அங்கே முடிகிறது, இங்கே முடிவதில்லை? அங்கே அவர் விருந்தாளி. யார் என்ன சாதி என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பத்தாம் நாள் விமானம். இங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டால் அப்பா கேட்பார், சித்தப்பா கேட்பார், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும். தூரத்துத் துன்பத்தில் நமக்குப் பங்கில்லை, அதனால் அங்கே இரக்கப்படுவது எளிது. ஆறு கிலோமீட்டரில் இருக்கும் துன்பத்தில் நம் வீட்டுக்குப் பங்கு இருக்கிறது. அங்கே இரக்கம் மட்டும் செல்லாது. கணக்குக் கேட்பார்கள்.

பணக் கணக்கையும் பார்ப்போம். தலைக்கு 55 ஆயிரம், 18 பேருக்கு 9 லட்சத்து 90 ஆயிரம். இதில் பைகளுக்கும் பெயிண்டுக்கும் போனது ஒரு லட்சத்துக்கும் குறைவு. மீதி விமானம், வேன், விடுதி, டி-ஷர்ட். இது நம்மூர்க் கோளாறு மட்டும் இல்லை. 1998ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சிதைத்த பிறகு, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வீடு கட்டப் போயின. அதை ஆராய்ந்தவர் குர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர். பயணச் செலவும் சேர்த்து அவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30 ஆயிரம் டாலர் ஆனது. அதே போன்ற வீட்டை உள்ளூர்க் கிறித்தவ அமைப்புகள் ஏறத்தாழ 2 ஆயிரம் டாலரில் கட்டின. குடியேறிய குடும்பங்களின் வாழ்க்கையில், யார் கட்டிய வீடு என்பதால் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. போய் வந்தவர்களின் வாழ்க்கையும் அவர்கள் நம்பிய அளவுக்கு மாறவில்லை. ஊருக்கு ஊர் சாட்சிக் கூட்டங்களில் சொல்லப்படும் "என் வாழ்க்கையே மாறிவிட்டது" என்ற வாக்கியத்தை இந்த ஆய்வோடு வைத்துப் பாருங்கள்.

உலகச் சபைக்கு இதைப் புதிதாக நாம் சொல்லவில்லை. 1910ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எழுந்து வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். அவர் வி.எஸ்.அசரியா. கொடையும் தியாகமும் தந்தீர்கள், இனி நட்பைத் தாருங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். மேசையில் சமமாக உட்காரவைக்காதவர் எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் அவர் எசமானர்தான் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று நம் நகரத்துச் சபைகள் அசரியாவின் படத்தை மாட்டுகின்றன. அன்று அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலியில் தாங்கள் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிவதில்லை.

சபைக்குள் சாதியா என்று இன்னும் வியப்பவர்கள் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தலித் கத்தோலிக்கர்களின் கல்லறைகளைப் பிரிக்க அங்கே சுவர் எழுப்பப்பட்டது. 2008 மார்ச்சில் எறையூரில் நடந்ததைப் படியுங்கள். தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி வெடித்த மோதலில் அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. நாங்கள் சொல்லும் நகரத்துச் சபையில் சுவர் இல்லை. அங்கே கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வாலிபர் ஐக்கியம் இலங்கையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அதே வாரம், காலனியில் இறந்த ஒரு பெரியவரின் உடல் பின்வழியாகத்தான் உள்ளே போனது. அது வழக்கம் என்றார்கள். சாட்சிக் கூட்டத்தில் அந்தச் சாவுக்கு ஒரு ஜெபம்கூட இல்லை.

இன்னொன்றும் நடந்தது. பயணத்துக்கு நிதி திரட்ட ஒரு கீர்த்தனை மாலை வைத்தார்கள். அதில் கீபோர்டு வாசித்தது காலனிச் சபைத் தங்கை ஒருவர், கல்லூரி மாணவி. நானும் வரலாமா என்று கேட்டிருக்கிறார். 55 ஆயிரம் கட்ட முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் வாசித்துச் சேர்த்த பணத்தில் மற்றவர்களின் டிக்கெட்டுக்கு மானியம் கொடுத்தார்கள். இது யாருக்கும் தப்பாகவே தெரியவில்லை என்பதுதான் எங்களை அதிகம் சுட்டது.

அப்படியானால் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம். அந்தத் தம்பியின் கண்ணீர் பொய்யில்லை, அதை நாங்கள் கேலி செய்யவில்லை. மலையகத்துக்குப் போவதாக இருந்தால் காணிக்கைப் பையோடு போகாதீர்கள். உங்கள் மாவட்டத்திலிருந்து எந்தச் சேரிகள் காலியாகின, யார் நிலத்தில் வேலை செய்தவர்கள் போனார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள். அங்கே தோட்டத் தொழிலாளர்கள் கேட்பது காணியும் வீடும் கூலியும். அதைப் பேசும் சங்கக்காரர்களோடு ஒரு நாளாவது உட்காருங்கள்.

பாஸ்போர்ட் எடுக்கும் முன் இங்கே மூன்று வேலை இருக்கிறது. உங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வழி என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் கமிட்டியில் எழுத்துமூலம் கேளுங்கள். குருசேகரக் கமிட்டியில் காலனிச் சபையிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பிறகு ஆகஸ்ட் 10. 1950ல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் இந்துக்கள் அல்லாதோரைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. அந்த நாளில் கறுப்புக் கொடி பிடிக்க காலனிச் சபை மட்டும் தெருவுக்கு வருகிறது. 18 டி-ஷர்ட்களும் அன்று எங்கே போகின்றன?

அந்தத் தம்பியிடம் எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு வாரம் கழித்து அழைத்தார். "அண்ணா, அந்த ஊருக்குப் போகணும். பாட்டி சொன்ன பேரு எழுதி வச்சிருக்கேன்" என்றார். வாங்க தம்பி என்றோம். போகும்போது வேனில் போகப்போவதில்லை. ஊர்த் தெரு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எல்லோரும் பார்க்க, காலனி வரை நடக்கப்போகிறோம். கீபோர்டு வாசிக்கும் தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வீட்டில் சொல்லிவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.