எருக்கஞ்செடியும் என் அரிவாளும்

ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் ரங்கநாதரைச் சேவித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். சென்ற மாதம் திருச்சியிலிருந்து நாற்பது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நான் போனது ஒரு புழுவைச் சேவிப்பதற்கு என்றால், நேயர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ!

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூர்க் கிராமத்தருகில், மேலணைக் காப்புக்காட்டில் வனத்துறையார் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்றை அமைத்திருக்கிறார்கள். சுமார் 25 ஏக்கர். 2015-ஆம் வருஷம் திறக்கப்பட்டது. பெரும்பகுதி திறந்தவெளிதான், வேலி மனிதர்களுக்கே தவிரப் பூச்சிகளுக்கு அல்ல. இஷ்டமிருந்தால் வருகின்றன, இல்லாவிட்டால் பறந்துவிடுகின்றன. அவற்றைத் தங்கவைப்பவை இரண்டே: தேன் குடிக்கப் பூ, முட்டையிட இலை.

பூவைப் பற்றிப் பூச்சிக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. இலை விஷயத்தில்தான் சம்பந்தி வீட்டாரையும் மிஞ்சிவிடுகிறது. கொன்றையில் வளரும் புழு பட்டினி கிடந்தாலும் எருக்கைத் தொடாது. எருக்கில் வளர்வது கொன்றையை ஏறிட்டும் பாராது.

வேலியோரத்து எருக்கில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழு ஒன்று இலையைக் கத்தரித்துக் கொண்டிருந்தது. வெந்தய வரியன் என்னும் பூச்சியின் குழந்தை அது. எருக்கம்பாலில் உள்ள விஷம் புழுவின் உடம்பில் ஏறி, இறகு முளைத்த பிறகும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்ட வராது. அதனால்தான் வெந்தய வரியன் மாலையில் உலாவப் புறப்பட்ட மிராசுதாரைப்போல் அவசரமில்லாமல் பறக்கிறது. இன்னொரு ஜாதிப் பூச்சியின் பெண் விஷமே இல்லாமல் இதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது என்றதும் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அப்போது ஒரு சிறுமி, "இந்தச் செடிதானே, ஸார், போன வருஷம் நம் பள்ளிக்கூடத்துப் பின்புறத்தில் நிறைய இருந்தது?" என்றாள்.

இருந்தது. சுத்தப்படுத்தும் தினத்தன்று அதையெல்லாம் வெட்டி எறியச் சொன்னவன் நான்தான். முதல் வெட்டும் என்னுடையதே. பிள்ளைகளுக்குச் 'சபாஷ்' போட்டதும் ஞாபகம் வந்தது. பதில்தான் வரவில்லை.

சுற்றுப்புறக் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் 1991-லேயே உத்தரவிட்டார்கள். புத்தகம் வந்தது; பின்னோடு பரீட்சையும் வந்தது. இலையைப் புழு தின்னும், புழுவைப் பறவை தின்னும் என்று எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வருகிறேன். அந்த அம்புக்குறிகளில் ஒன்றைத்தான் அரிவாளால் வெட்டியிருக்கிறேன் என்பது மேலூரில்தான் எனக்குத் தெரிந்தது.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் ஒரு தாயார் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "கறிவேப்பிலைச் செடியில் புழு இருக்கிறதாம், ஸார். தாளிப்பதற்கு ஓர் இணுக்குக் கிள்ள விடமாட்டேன் என்கிறான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்!" அது கறிவேப்பிலை அழகியின் புழு. சிறு வயதில் காக்கை எச்சம்போலவே இருக்கும். வளர்ந்தபின் பச்சை. தொட்டால் தலையிலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தை வீசும். ஒரு கிளை புழுவுக்கு, மற்றவை சமையலுக்கு என்று ராஜி செய்து வைத்தேன். அந்த அம்மாளுக்குப் பூரண சம்மதமில்லை.

தலைமையாசிரியரைச் சம்மதிக்கச் செய்வது இதைவிடக் கஷ்டமாயிருந்தது. புதர் வளர்ந்தால் பாம்பு வரும், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்றார். இரண்டும் நிஜம். இலையைக் கையால் தொடக்கூடாது, சுற்றிலும் புல் மண்டவிடக்கூடாது என்ற நிபந்தனைகளோடு மதிலோரத்தில் பத்தடி இடம், மூன்று மாதத்துக்குக் கிடைத்தது.

வெட்டிய கட்டையிலிருந்து எருக்கு மறுபடி துளிர்த்திருக்கிறது. புழு இன்னும் வரவில்லை. காலையில் முதல் மணி அடிக்குமுன் ஐந்தாறு பிள்ளைகள் குச்சியால் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முன்பே நான் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.