வலை யாருடையது?

கதை ஒன்றைக் கூறி முடித்ததும் நம் ஆசிரியர்கள் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?" யானும் பல்லாண்டு இதனைக் கேட்டவனே. இக்கேள்வி நம் வகுப்பறைகளை விட்டு நீங்கவேண்டும் என்பது இன்று என் துணிபு. இத்துணிபை எனக்குத் தந்தவை ஒரு படப்புத்தகமும், ஒரு திரைப்படமும், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாடசாலையொன்றிற் பயின்ற ஒரு சிறுவனின் வினாவும் ஆகும்.

படப்புத்தகம் சிங்களத்திலே 1956-இல் வெளிவந்த 'குட ஹொரா'. குடைக்கள்வன் என்பது பொருள். 2020-இல் மறைந்த சிபில் வெத்தசிங்க அம்மையார் கதையை எழுதிச் சித்திரங்களையும் தாமே தீட்டினார். குடையையே கண்டறியாத சிற்றூர் ஒன்று. அவ்வூர்க் கிரி மாமா பட்டணம் சென்று குடையொன்று வாங்கி வருகிறார். அது களவு போகிறது. மீண்டும் வாங்குகிறார், மீண்டும் களவு. ஈற்றிலே குடைக்குள் காகிதத் துண்டுகளை இட்டுவைத்து, அவை சிந்திய வழியே காட்டினுட் செல்கிறார். அங்கே மரத்திலே குடைகள் தொங்குகின்றன! கள்வன் ஒரு குரங்கு. கிரி மாமா குடைகளை எடுத்துக்கொண்டாலும், ஒன்றைக் கள்வனுக்கென்றே விட்டுவருகிறார்.

இக்கதையை என் மாணவர்க்குப் படம் காட்டிக் கூறினேன்; வழமையான கேள்வியையும் கேட்டேன். "பிறர் பொருளைக் கவரலாகாது" என்ற விடை உடனே வந்தது. ஆனால் ஒரு சிறுமி விட்டாளில்லை. "பிரடெரிக் கோட்டை மான் கடைக்குள்ள வந்து பழம் திண்டால் அதைக் கள்ளனெண்டு சொல்லுறதில்லையே, சேர்? குரங்கை மட்டும் ஏன் சொல்லுறது?" என்றாள். வகுப்புச் சிரித்தது. அச்சிரிப்பு அடங்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "சேர், போன கிழமை கடலில மிதந்து வந்த வலையொண்டை எங்கட அப்பா எடுத்துக்கொண்டு வந்தவர். அப்ப அவரும் கள்ளனோ?"

யான் என் செய்தேன்? கள்ளாமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் பார்த்தெழுதச் சொன்னேன். சிறுவன் அமர்ந்தான். பின்பு அவன் என் வகுப்பிலே கேள்வி கேட்டதாக நினைவில்லை.

குறளிற் குறையில்லை. களவு தீது என்பதை அச்சிறுவன் முன்பே அறிவான், அறிந்தமையாலேயே அஞ்சினான். அவனுக்குத் தெரியாதிருந்தது களவு என்பது யாது என்பதே. உடையவன் அறியப்படாத பொருளை எடுப்பது களவாகுமா? உடைமை என்பது கையிலுள்ளதா, உரிமையிலுள்ளதா? அறிவில்லாத உயிர் குற்றம் புரியுமா? இவை நீதிமன்றங்களும் தத்துவ ஞானிகளும் நெடுங்காலம் வாதிட்ட வினாக்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரு குரங்கின் துணையால் அவற்றின் வாயிலை அடைந்துவிட்டனர். கதவைச் சாத்தியவன் யான்.

நிற்க. படப்புத்தகத்தால் தத்துவம் பயிலலாம் என்பது வெறுங் கற்பனையன்று. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் தோமஸ் வார்ட்டன்பேர்க், மவுண்ட் ஹோலியோக் கல்லூரியிலே தம் மாணவர்களை ஆரம்பப் பாடசாலைகளுக்கு அனுப்பிப் படக்கதைகளைக் கொண்டு பிள்ளைகளோடு உரையாடச் செய்தவர்; 2009-இல் இதுபற்றி நூலும் எழுதினார். அவர் எடுத்தாண்ட கதைகளுள் ஒன்று ஆர்னல்ட் லோபெல் இயற்றியது. தாம் வீரரோ என்று சோதித்தறியப் புறப்பட்ட தவளையும் தேரையும் பாம்பையும் பருந்தையும் கண்டு நடுங்குகின்றன. நடுங்கிக்கொண்டே "எங்களுக்குப் பயமில்லை" எனக் கூவுகின்றன. வீட்டுக்கு ஓடி ஒளிந்தபடியே தம் வீரத்தை நினைந்து மகிழ்கின்றன. அச்சமின்மையா வீரம், அஞ்சியும் செல்வதா? நூல் விடை கூறாது; பிள்ளைகள் கூறுவர்.

அப்பேராசிரியரே 2007-இல், திரைப்படமும் தத்துவச் சிந்தனை செய்யவல்லது என வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டார். நமக்கு எடுத்துக்காட்டு நம் கடலிலேயே உண்டு. 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியிலே சுழியோடிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டனர். 1962-இல் அதே வில்சன் நெறிப்படுத்திய 'ரன்முத்து தூவ', வண்ணத்தில் வந்த முதலாவது முழுநீளச் சிங்களப் படம். திருகோணமலைக் கடலிலே எடுக்கப்பட்டது. கடலுள் மறைந்த செல்வத்தைத் தேடுவாரின் கதை. அத்தகைய படத்தைப் பார்க்கையில் இருளில் அமர்ந்திருக்கும் நம் கையும் புதையலை நோக்கி நீள்கிறதன்றோ? எடுத்தது முறையா என்று தீர்ப்புக் கூறுமுன்னரே, எடுக்கும் ஆசையை நாமும் அனுபவித்துவிடுகிறோம். நெறி நூல்கள் செய்யவியலாத உதவி இது. புத்தகமோ வேறு வகையில் உதவும்: ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டி, "கிரி மாமா ஏன் ஒரு குடையை விட்டுவந்தார்?" என்று நின்று நினைக்க இடந்தரும்.

நீதி புகட்டாவிடிற் பிள்ளைகள் நெறி தவறுவர் என்று அன்பர் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் மதிக்கத்தக்கதே. ஆயினும் மனனஞ் செய்த நீதி, கடலில் மிதந்து வரும் வலையின் முன்னே வாயடைத்து நிற்கிறது. ஆராய்ந்து கண்ட நீதியே அங்கு துணை நிற்கும். ஆகவே ஆசிரிய நண்பர்களை யான் வேண்டுவது சிறிதே. மாதத்தில் ஒரு பாடவேளையேனும் ஒரு படப்புத்தகமோ படக்காட்சியோ வகுப்புக்குள் வரட்டும். அதற்குப் புள்ளியும் வேண்டா. ஈற்றில் நீதியும் வேண்டா. பிள்ளை கேட்ட வினாவை மற்றொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஆசிரியர் சற்றே வாளாவிருந்தாற் போதும்.

அவ்வகுப்பைத் திரும்பவும் நடத்தும் பேறு எனக்கு வாய்க்குமாயின், கரும்பலகையைத் துடைத்துவிட்டு அச்சிறுவனருகே சென்று அமர்வேன். "அப்பா அந்த வலையை என்ன செய்தார், தம்பி?" என்று முதலிற் கேட்பேன். யான் அன்று அதனைக் கூடக் கேட்கவில்லை.