புளித்த பூமியும் கடல் நீரும்

கடலோரச் சதுப்பு நிலங்களைப் பயனற்ற பாழென்று கருதி, கரை கட்டி, நீரை வடித்துப் பயிர்செய்வதே அபிவிருத்தி என்ற எண்ணம் பல தேசங்களில் நெடுங்காலமாக நிலவி வந்திருக்கிறது. இது எத்துணைப் பிழையென்பதற்கு ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள ஈஸ்ட் டிரினிடி என்னும் இடமே கண்கூடான சாட்சி.

1970-களின் ஆரம்பத்தில், கரும்புச் சாகுபடியை உத்தேசித்து அங்கே சுமார் 7 கிலோமீட்டர் நீளம் கரை எழுப்பிக் கடலோதத்தைத் தடுத்தார்கள். 700 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு காய்ந்தது. கரும்பு நிலைக்கவில்லை, கந்தகத் திராவகமே விளைந்தது. காரணம் யாது? அலையாத்திக் காட்டுச் சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடிய பைரைட் என்னும் தாது, காற்றுப் படாதவரை சாதுவாகக் கிடக்கிறது. நீர் வடிந்து காற்றுப் பட்டதும் அது திராவகமாக மாறி, மண்ணிலுள்ள அலுமினியத்தையும் கரைத்து ஓடைகளில் விடுகிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன.

மண் முழுவதையும் சுண்ணாம்பிட்டுத் திருத்துவதென்றால் பெருஞ்செலவாகும். ஆகவே, 2000-ஆம் ஆண்டில் அந்நிலத்தை விலைக்கு வாங்கிய குவீன்ஸ்லாந்து சர்க்கார், மறு ஆண்டு முதல் வேறு வழியைக் கைக்கொண்டது. மதகுகளைச் சிறுகச் சிறுகத் திறந்து, வேண்டிய அளவு சுண்ணாம்பும் சேர்த்து, கடலோதத்தையே உள்ளே விட்டார்கள். கடல்நீரிலுள்ள காரம் புளிப்பை முறித்தது. காற்றற்ற சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இரும்புத் துருவையும் கந்தக உப்பையும் மாற்றி, மேலும் காரத்தை உண்டாக்கின. பைரைட்டும் மீண்டும் உருவாகத் தொடங்கியது. மண்ணின் புளிப்பு வெகுவாகக் குறைந்தது. மீன்களும் அலையாத்தி மரங்களும் திரும்பின.

எனினும், இதைக் கண்டு வெற்றி முரசு கொட்டிவிடுதல் தகாது. துரு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த பாஷாணமும் சேற்று நீரில் விடுபடக்கூடும். புதிதாய்ப் படியும் கரிய கந்தகச் சேறு கலக்கப்பட்டால், நீரிலுள்ள பிராண வாயுவை உறிஞ்சிவிடும். யாவற்றினும் மேலாக, திராவகத்தின் வித்து அழிந்துபோகவில்லை. அது நீருக்கடியில் உறங்குகிறது. நிலம் மறுபடி காய்ந்தால் மறுபடி விழித்தெழும். ஆகையால், நீரை உள்ளே விடுதல் ஒருநாள் வேலையன்று; தலைமுறை தலைமுறையாகக் காக்க வேண்டிய பொறுப்பாகும்.

அந்நிலம் மண்டிங்கால்பே யிடிஞ்சி என்னும் ஆதிக்குடிகளின் பூர்வீக பூமி. கரை எழுப்பியவர்கள் லாபத்தை நாடினார்கள். நஷ்டத்தைச் சுமந்ததோ அந்த மண்ணும், மீனும், பொதுஜனங்களின் பொக்கிஷமும். கெடுத்தவன் ஒருவன், செலுத்துபவன் வேறொருவன் என்னும் இந்த அநீதியை எந்நாட்டுச் சர்க்காரும் அனுமதித்தலாகாது. நமது அண்டையிலுள்ள கேரளத்தில், குட்டநாட்டுக் கரிநிலங்களும் இவ்வினத்து மண்ணே. அங்கே உழவர்கள் சுண்ணாம்பைக் கொண்டு புளிப்போடு போராடி வருகிறார்கள்.

சதுப்பைத் தொடுமுன் அதன் அடிமண்ணைச் சோதித்தறிய வேண்டும் என்று சட்டம் செய்வது அவசியம். பாழாக்கியபின் பரிகாரம் தேடுவதைவிட, பாழாக்காதிருப்பதே விவேகம். இதை ஜனங்கள் இடைவிடாது வற்புறுத்தினாலன்றி, ஆள்வோர் தாமாக உணரமாட்டார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.