கிட் ஜெயித்தது திறமையாலா?

"கிட்தான் பெஸ்ட், அதனால்தான் ஜெயித்தது." சிதம்பரத்திலிருந்து லால்பேட்டைக்கு பஸ் ஏறும் எந்த கம்ப்யூட்டர் மாணவரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதி உண்மைதான்.

2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னல் ஆட்கள் பயன்படுத்தி வந்த பிட்கீப்பரின் இலவச அனுமதியை அதன் கம்பெனி நிறுத்தப் போவதாக அறிவித்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட்டுக்கு உருவம் கொடுத்துவிட்டார். அதே மாதம், அதே காரணத்துக்காக, மேட் மெக்கால் மெர்க்குரியலை எழுதினார். இரண்டும் ஒரே சாதி: மையம் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். புதிதாகப் படிப்பவருக்கு மெர்க்குரியல்தான் எளிது. கிட்டிலோ கிளை மாறுவதற்கும் 'செக்அவுட்', செய்த மாற்றத்தைத் தூக்கி எறிவதற்கும் அதே 'செக்அவுட்'! (எத்தனை பேர் ராத்திரி முழுக்க அடித்த கோடு இதில் போயிருக்கும்?) 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்று அதைப் பிரிக்க அவர்களுக்கு 2019 வரை ஆனது.

அப்புறம் எப்படி ஜெயித்தது? வேகமும் லினஸின் பெயரும் கொஞ்சம். மீதியெல்லாம் 2008ல் வந்த கிட்ஹப். கூட்டம் அங்கே போனது, கூட்டத்தைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். இன்று வேலைக்கு விண்ணப்பித்தால் கிட்ஹப் முகவரி கேட்கிறார்கள். மெர்க்குரியலை வைத்தே தொடங்கிய பிட்பக்கெட்கூட 2020ல் அதைக் கைகழுவியது.

சரி, ஜெயித்தது ஜெயித்துவிட்டுப் போகட்டும். மையமே வேண்டாம் என்று செய்த கருவியை ஒரே கம்பெனியின் வாசலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்களே, அதுதான் கொடுமை! 2014 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 32 தளங்களை முடக்கச் சொன்னது. பட்டியலில் கிட்ஹபும் இருந்தது. சில நாட்களில் திறந்துவிட்டார்கள், தப்பித்தார்கள். 2018ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போதும் பெரும்பாலோர் அசையவில்லை.

இன்னொரு சர்வரில் ஒரு நகல் வைக்க கிட்டில் இரண்டே கட்டளை போதும், எந்தக் கல்லூரியும் செய்யலாம். கெர்னல் ஆட்களைப் பாருங்கள். அவர்களின் மூலம் இன்றும் சொந்த சர்வரில்தான் இருக்கிறது, மாற்றங்கள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. கிட்ஹபில் இருப்பது வெறும் நகல்.