மனசுல வச்சுக்காதே என்பவர்களுக்கு

"மனசுல வச்சுக்காதப்பா, அவரு குணமே அப்படித்தான்." நம்மில் படித்து வேலைக்குப் போன ஒவ்வொருத்தர் காதிலும் இந்த உபதேசம் விழுந்திருக்கும். விடுதிக் காப்பாளர் சொல்லியிருப்பார். தொழிற்சங்கத் தலைவர் சொல்லியிருப்பார். முற்போக்கு நண்பர் தோளில் கைபோட்டுச் சொல்லியிருப்பார். இப்போது ஆளுமைப் பயிற்சி என்று காசு வாங்கிக்கொண்டும் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை, பாதி அயோக்கியத்தனம். ரெண்டையும் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மை எது? உன்னை அவமதிக்கிறவனுக்கு உன்னைத் தெரியாது. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். அவர் என்ன படித்தார், எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? சாதி தெரிந்தது, போதும். தன்னிடம் என்ன குறை என்று அவர் தேடவில்லை. இந்துவிடம் பிறந்த தீண்டாமை பார்சி வீட்டு வாசல் வரைக்கும் நீள்வதைக் கண்டுகொண்டார். 1927இல் மகத் குளத்துத் தண்ணீரை ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து அள்ளினார்.

நாம் என்ன செய்கிறோம்? "கோட்டாவா?" என்று வாத்தியார் கேட்டதும் முதல் தலைமுறைப் பிள்ளை ராத்திரி முழுக்கத் தன் இங்கிலீஷிலும் தன் சட்டையிலும் குறை தேடுகிறது. வேலைக்குப் போனவன் குடிக்கிறான். ஆபீஸ் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி மேல் இறக்குகிறான். இயக்கத்தில் தோழர் வணக்கம் வைக்கவில்லை என்று அமைப்பையே உடைக்கிறோம். ஊர்க்காரன் தந்த காயத்துக்குச் சேரிக்காரன் மேல் பழி.

நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். யாரோ வாங்கிய கடனை உங்கள் கணக்கில் பற்று எழுதினால் வட்டி கட்டிக்கொண்டு சும்மா இருப்பீர்களா? கவுண்டரில் வந்து சத்தம் போட மாட்டீர்களா? சாதி அவர்கள் கடன். நம் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். நாமும் தலைமுறை தலைமுறையாக வட்டி கட்டுகிறோம்.

இனி அயோக்கியத்தனம். "மனசுல வச்சுக்காதே" என்பவன் கூடவே "விட்டுடு" என்கிறான். அதற்குத்தான் அத்தனை கரிசனமும். ஆபீசில் "பெர்சனலா எடுத்துக்காதீங்க" என்கிற அதே பொதுப்புத்தி, காவல் நிலையத்தில் "முன்விரோதம்" என்று எழுதுகிறது. வெட்டு விழுந்தால் சொந்தப் பகை, வலிக்கிறது என்றால் சொந்தமாக எடுக்கக் கூடாது! மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்த முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். முருகேசனோடு அவர்களுக்கு என்ன வாய்க்கா வரப்புத் தகராறு? அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதுதான் தகராறு.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இந்த ஓட்டை இருந்தது. கொலை போன்ற பெருங்குற்றங்களில், சாதியின் காரணமாகவே செய்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டியிருந்தது. கொன்றவன் மனசுக்குள் புகுந்து யார் சாட்சி சொல்வது? 2016 ஜனவரி 26இல் அமலுக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் தலித் அல்லது பழங்குடி என்று தெரிந்தே செய்திருந்தால் போதும் என்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நீர்க்கச் செய்தது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டே நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அவரவர் மனசில் வைத்துக் குமைந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே மாணவத் தோழர்களே, அவமானப்பட்ட அன்றைக்கே எழுதி வையுங்கள். தேதி, இடம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் பெயர். சாதி சொல்லி இழிவுபடுத்துவது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, சாட்சி முக்கியம். எழுதியதைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். "எனக்கும் இதேதான் நடந்துச்சு" என்று பத்துப் பேர் எழுவார்கள். அது உங்கள் குறை இல்லை என்பது அங்கேதான் உறைக்கும்.

மனசுல வைக்காதே தோழா. நோட்டுல வை. சங்கத்துல வை. தெருவுல வை.