பெத்திரீன் குன்றின் விண்மீன் மனை

வானநூலைத் தமிழிற் கற்பிக்கவியலாது. கற்பித்தாலும் கற்றவன் கிணற்றுத் தவளையாகவே கிடப்பான் என்னும் பழம்பாட்டைப் பாடுவோர் தமிழ்நாட்டில் இன்னும் குறைந்தபாடில்லை. இவர்கள் பெரும்பாலும் கற்றவர்கள். பட்டங்களை வால்போல் நீட்டிக்கொண்டு திரிபவர்கள். 'டெலஸ்கோப்' என்னும் சொல் இவர்கள் நாவிற் கூசாமற் புரளும். தொலைநோக்கி என்று ஒருவன் சொல்லிவிட்டாலோ, உதட்டோரத்தில் ஓர் எள்ளல் நகை தோன்றும். "தூய தமிழ் மக்களுக்கு விளங்காது" என்பர். தொலைவு என்றால் என்னவென்று ஆடு மேய்க்கும் சிறுவனுக்குத் தெரியும். நோக்குதல் என்றால் என்னவென்று அவன் தாய்க்குத் தெரியும். இரண்டையும் சேர்த்த சொல் எவருக்கு விளங்காதாம்? மக்களைக் கரணியங் காட்டித் தம் சோம்பலை மறைத்துக்கொள்ளும் இவர்களுக்கு, ஐரோப்பாவின் நடுவில் ஒரு சிறிய இனம் செய்து காட்டிய செயலை எடுத்துரைத்தல் வேண்டும்.

செக்கு நாட்டின் தலைநகராகிய பிராகாவில் பெத்திரீன் என்றொரு குன்று உண்டு. அக் குன்றின்மேல் 'பசிச் சுவர்' என்னும் பழைய மதில் ஓடுகின்றது. நான்காம் கார்ல் என்னும் அரசன் 1360-ஆம் ஆண்டையொட்டி அதனைக் கட்டுவித்தான். பசித்திருந்த ஏழைகட்கு வேலை கொடுப்பதற்கென்றே அது கட்டப்பட்டதென்று அந்நாட்டு மக்கள் வழிவழியாகக் கூறுவர். அம் மதிலையொட்டி 1928-ஆம் ஆண்டு ஒரு விண்மீன் மனை திறக்கப்பட்டது. அதனைத் திறந்தது அரசன்று, பல்கலைக்கழகமும் அன்று. விண்மீன்களைக் காண்பதில் வேட்கை கொண்ட எளிய மாந்தர் ஒன்றுகூடி அமைத்த ஒரு கழகமே அதனை உருவாக்கிப் பல்லாண்டுகள் நடத்திவந்தது. 'மக்கள் விண்மீன் மனை' என்று பொருள்படுமாறு செக்கு மொழியிலேயே அதற்குப் பெயரிட்டனர். வானநூலறிஞனாகவும் படைத்தலைவனாகவும் விளங்கி, நாட்டு விடுதலைக்கு உழைத்து, 1919-இல் வானூர்தி வீழ்ந்து இறந்த சுலோவாக்கிய மறவன் சுதெபானிக்கின் பெயரையும் அதனுடன் சேர்த்தனர். எவரும் ஏறிச் சென்று நிலவின் பள்ளங்களையும் வியாழனின் துணைக்கோள்களையும் கண்ணாரக் காணலாம். காட்டுபவர் அவர்களுடைய தாய்மொழியிலேயே விளக்குவார்.

இதில் என்ன வியப்பு, செக்கு நாட்டிற் செக்கு மொழி பேசாமல் வேறென்ன பேசுவர் என்று வினவுவோர், அந்நாட்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். 1620-இல் வெண்மலைப் போரில் தோற்றபின் அம் மக்களின் மொழி அரசவையினின்றும் உயர்கல்வியினின்றும் படிப்படியாகத் துரத்தப்பட்டது. 1784-இல் இரண்டாம் யோசப்பு என்னும் பேரரசன் செருமன் மொழியையே ஆட்சிக்கும் உயர்கல்விக்கும் உரிய மொழியாக்கினான். நகரங்களிற் கற்றவன் என்பான் செருமன் பேசுபவன். செக்கு மொழி உழவனுக்கும் சமையற்காரிக்கும் உரியது என்னும் நிலை வந்தது. செக்கு மொழிக்கு விரிவான இலக்கணம் யாத்த தோபுரோவ்சுக்கி என்னும் பேரறிஞர், அவ் விலக்கணத்தையே 1809-இற் செருமன் மொழியில்தான் எழுதினார்! அம் மொழி இனிக் கல்வி மொழியாக உயருமா என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது. தமிழ்ப் பற்றுடையவராகக் காட்டிக்கொண்டே தமிழின் ஏலாமையைப் பற்றி ஆங்கிலத்திற் கட்டுரை வரையும் பெருமக்களை இவ்விடத்தில் நினைத்துக்கொள்க. ஆயினும் தோபுரோவ்சுக்கி நேர்மையாளர். அவருடைய உழைப்பின்மேலேதான் பின்வந்தோர் மொழியைக் கட்டியெழுப்பினர்.

பின்வந்தோர் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. யுங்மன் என்பவர் 1834 முதல் 1839 வரை ஐந்து மடலங்களாகப் பேரகரமுதலி ஒன்றை வெளியிட்டார். பழஞ்சொற்களைத் தேடினார், சிற்றூர்ச் சொற்களைத் தொகுத்தார், இல்லாதவற்றை உடன்பிறந்த இனமொழிகளினின்று எடுத்துத் தம் மொழி இயல்புக்கேற்ப வடித்துக்கொண்டார். பிரெசல் என்பவர் செடிகொடிகட்கும் வேதியற் பொருள்கட்கும் செக்குச் சொற்களை ஆக்கினார். எள்ளுவோர் அங்கும் இருந்தனர். அவர்கள் எள்ளியபடியே மாண்டனர். பிரெசல் வழிவந்த சொற்களோ இன்றும் பள்ளிப் பிள்ளைகளின் நாவில் வாழ்கின்றன.

மொழிப்போரும் வானநூலும் ஒரே வீட்டிற் பிறந்தமையை இவ் வரலாற்றிற் காணலாம். 1848-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் மாணவர்க்குத் தலைமை தாங்கிச் சிறைபுகுந்து, பின்னர் நாடு கடந்து வாழ்ந்தவர் பிரிச்சு என்னும் எழுத்தாளர். அவருடைய மக்கள் இருவரும் பிராகாவில் நுண்கருவிப் பட்டறை வைத்திருந்தனர். இளையவர் 1897-இல் இறந்துபட, மூத்தவர் தம்பியின் நினைவாக ஓந்திரெயோவ் என்னும் சிற்றூரில் நிலம் வாங்கித் தம் பொருளைக் கொட்டி ஒரு விண்மீன் மனையைக் கட்டினார். 1928-இல், நாடு விடுதலை பெற்றதன் பத்தாம் ஆண்டு நிறைவில், அதனை அப்படியே நாட்டிற்குக் கொடையாகத் தந்துவிட்டார். தமிழ்நாட்டிற் பட்டறை வைத்துப் பொருளீட்டுவோர் எத்தனையோ பேர் உளர். தம் பெயரைப் பளிங்கிற் பொறித்துத் திருமண மண்டவங் கட்டுவோரும் உளர். ஓர் ஊர்ப் பிள்ளைகள் வானத்தைக் காண்பதற்கு ஒரு மாடம் கட்டித் தந்தவர் எத்தனை பேர்?

செக்கு வானநூற் கழகம் தோன்றியது 1917-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில். முதலாம் உலகப் போர் முடியவில்லை, நாடு ஆத்திரிய அங்கேரியப் பேரரசின் கீழ்க் கிடந்தது, உணவுக்கே தட்டுப்பாடு. அந்நிலையில் விண்மீன் பார்ப்பதற்கொரு கழகம்! ஆனால் அவர்கள் அதனைப் பொழுதுபோக்காகக் கருதவில்லை. 1920-இல் 'விண்மீன்களின் பேரரசு' என்று பொருள்படும் பெயரில் தம் மொழியிலேயே ஓர் இதழைத் தொடங்கினர். கழகத்தை நிறுவியவருள் அந்தேல் என்பவர் ஒரு பள்ளியாசிரியர். பகலிற் பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லி, இரவில் நிலவை நோக்கி நோக்கி வரைந்து, 1926-இல் அதன் முகத்திற்கு ஒரு சிறந்த படம் வெளியிட்டார். இன்று நிலவிலுள்ள ஒரு பள்ளத்திற்கு அவர் பெயரே வழங்குகின்றது. பள்ளியாசிரியன் சம்பளப் பட்டியலையும் இடமாற்ற ஆணையையும் அன்றி வேறொன்றையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று தமிழ்நாட்டிற் சொல்லப்படுவதுண்டு. அது முழுப்பொய் என்று மறுப்பதற்கு ஆசிரியர்கள்தாம் முன்வரல் வேண்டும்.

பெத்திரீன் மனைக்குத் தலைமைக் கருவியாக அமைந்தது செருமானியச் சைசு நிறுவனத்தார் செய்த இரட்டைக் குழல் தொலைநோக்கி. வியன்னா நகரில் நிலவை ஆராய்ந்துவந்த கோனிக்கு என்பார் வைத்திருந்ததனை, அவர் மறைவிற்குப்பின் விலை கொடுத்து வாங்கினர். கருவியைச் செருமானியரிடமிருந்து வாங்கினர். அதன் பெயரை வாங்கவில்லை. செக்கு மொழியில் அதற்குத் 'தாலெக்கோகிலெது' என்று பெயர். 'தாலெக்கோ' தொலைவு, பின்னுள்ளது நோக்குதல். தமிழில் தொலைநோக்கி என்பதும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை போலில்லையா? விண்மீன் மனைக்கு அவர்கள் வழங்கும் சொல் 'உவியெசுதார்னா'. 'உவியெசுதா' என்பது விண்மீன். 'ஆர்னா' என்பது இடத்தைக் குறிக்கும் ஈறு. அப்பம் சுடும் கடைக்குப் 'பெக்கார்னா' என்று பெயர். அப்பக் கடைக்கு நாள்தோறும் போகும் குழந்தைக்கு, விண்மீன் மனை என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. சொல்லே கைப்பிடித்து அழைத்துச் செல்லும். 'அப்சர்வேட்டரி' என்று கேட்கும் தமிழ்ச் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது எது? சொல்லைக் கேட்டவுடனேயே அது தனக்குரிய இடமன்று என்று அவள் எண்ணி ஒதுங்கிவிடுவதே இயல்பு. மொழிக்கலப்பினால் விளையும் கேடு ஓசைக்கேடு மட்டுமன்று, கதவடைப்பு.

இங்கே எதிர்ப்பாளர் ஒரு கல்லை எடுத்து வீசக்கூடும். அக் கழகத்தின் பெயரிலேயே 'அசுத்திரோனோமி' என்னும் கிரேக்கச் சொல் நிற்கின்றதே என்பர். உண்மைதான். இன்னொரு கல்லும் உண்டு. கோள்களுக்குச் செக்கு மொழியில் தனிப்பெயர்கள் இருந்தன. 14-ஆம் நூற்றாண்டில், பசிச் சுவர் கட்டிய அரசனின் காலத்திலேயே, கிளாரெட்டு என்னும் அறிஞர் அவற்றை ஆக்கினார். வெள்ளிக்கு 'அழகரசி' என்றும், செவ்வாய்க்குச் 'சாக்கொணர்வோன்' என்றும் பொருள்படும் பெயர்கள் அவை. 19-ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சியாளர் அவற்றைத் தூசு தட்டி எடுத்து வழங்கிப் பார்த்தனர், நிலைக்கவில்லை. இன்று செக்கு மக்கள் உரோமப் பெயர்களையே வழங்குகின்றனர். "பார்த்தீர்களா, தூய்மை தோற்றது" என்று இதனைக் காட்டித் துள்ளுவோர் சற்றுப் பொறுக்க.

செக்கு மக்கள் முயன்றும் காக்க முடியாமற்போன அச் செல்வத்தைத் தமிழர் முயலாமலே பெற்றிருக்கின்றனர். செவ்வாய், வியாழன், வெள்ளி என்னும் தனித்தமிழ்ப் பெயர்கள் கிழமைப் பெயர்களாகக் கல்லாத மூதாட்டியின் வாயிலும் ஒவ்வொரு நாளும் உலவுகின்றன. தாமே ஒளிரும் நாண்மீனையும் இடம் பெயரும் கோண்மீனையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் கழக இலக்கியத்திலேயே உள்ளன. ஆரல், அறுமீன் என்று பழந்தமிழர் பெயரிட்ட மீன்கூட்டத்தைச் செக்குச் சிற்றூரார் 'கோழிக்குஞ்சுகள்' என்பர். அப் பெயரை அவர்கள் இன்றும் மறவாது வழங்க, தமிழரோ ஆரலை மறந்தனர். அறிவனைப் புதனுக்கும், காரியைச் சனிக்கும் விட்டுக்கொடுத்தனர். எஞ்சியிருப்பனவற்றையும் வீனசு, மார்சு என்று பிள்ளைகட்குக் கற்பித்து விட்டுக்கொடுக்க ஆயத்தமாக நிற்கின்றனர். இல்லாதவன் முயன்று தோற்றான். இருப்பவன் முயலாமலே தொலைக்கின்றான். இவ்விருவருள் எள்ளப்படவேண்டியவன் யார்?

இனித் 'தாய்மொழியிற் கற்றவன் உலகிற்குச் செல்லான்' என்னும் அச்சுறுத்தல். 1914-இல் லித்தோமிசில் என்னும் செக்குச் சிற்றூரிற் பிறந்த கோப்பால் என்பவர், பள்ளி மாணவனாக இருந்தபோதே இக் கழகத்திற் சேர்ந்தார். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை நோக்கிக் குறிப்பெடுக்கும் பழக்கத்தை அவர் பெற்றது தாய்மொழி பேசும் தோழர்களிடையே. பின்னர் அமெரிக்காவிற்குச் சென்றார். 1951-இல் இங்கிலாந்தின் மான்செசுட்டர்ப் பல்கலைக்கழகத்தில் வானநூற் பேராசிரியரானார். மாந்தன் நிலவில் இறங்குதற்கு முன்னர் நிலவின் நிலப்படங்களை ஆயத்தஞ் செய்த அறிஞருள் அவரும் ஒருவர். இளமையில் தாய்மொழியில் வேர்விட்டவருக்கு ஆங்கிலம் பின்னர்க் கிளையாக வந்து சேர்ந்தது. வேரையே ஆங்கிலத்தில் நடவேண்டும் என்போர், எந்தத் தோட்டத்தில் அப்படி நட்டு மரங் கண்டனர் என்று காட்டட்டும்.

இவ்வளவும் கேட்டபின், தனித்தமிழ்ப் பற்றாளர் தம்மையும் சற்று நோக்கிக்கொள்ளல் தகும். சொல்லாக்கப் பட்டியல்கள் தமிழிற் குறைவில்லை. ஒரு பொருளுக்கு மூன்று நான்கு சொற்களை ஆக்கி, எது சிறந்ததென்று இதழ்தோறும் சொற்போர் நிகழ்த்துவதிலும் குறைவில்லை. ஆனால் அச் சொற்களைப் பேசுதற்கு ஓர் இடம் வேண்டாவா? செக்கு நாட்டிற் கோள்களின் புதுப்பெயர் ஏட்டில் நின்றது; மாய்ந்தது. உவியெசுதார்னா என்பதோ மக்கள் படியேறிச் சென்ற ஓர் இடத்தின் பெயர், வாழ்கின்றது. பெத்திரீன் மனை பின்னர் நகராட்சியின் பொறுப்பிற்குச் சென்றது. இன்றும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதே போன்ற மக்கள் விண்மீன் மனைகள் அந்நாட்டின் சிறு நகரங்களிலெல்லாம் எழுந்தன.

தமிழ்நாட்டிற் கருவிகள் இல்லையென்று எவரும் சொல்லவியலாது. கோடைக்கானலிற் கதிரவனை ஆராயும் நிலையம் 1899-இலிருந்தே இயங்குகின்றது. சவ்வாது மலையிற் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி 1986-இல் நிறுவப்பட்டது. அவை ஆராய்ச்சியாளர்க்குரியவை, அவற்றின் மொழி ஆங்கிலம். அதனை மாற்றும் ஆற்றல் ஒரு சிற்றூர்த் தமிழ் மன்றத்திற்கு இன்றில்லாமலிருக்கலாம். ஆனால் கையடக்கமான ஒரு தொலைநோக்கியை வாங்கிப் பள்ளியின் மேற்றளத்தில் திங்களுக்கு இருமுறை நிறுத்தி, "இதோ காரி, அதனைச் சூழ்ந்திருப்பது வளையம்" என்று தமிழிற் சொல்லுதற்கு யாருடைய இசைவு வேண்டும்? ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவிற்குப் பந்தலிட்டு ஒலிபெருக்கி கட்டும் செலவில் ஒரு பகுதி போதுமே.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இற் கிழக்கிந்தியக் கும்பினியார் ஒரு வானாய்வு நிலையம் கட்டினர். கருவியைத் தாங்குதற்கு அங்கே ஒரு கருங்கல் தூணை நிறுத்தினர். அந் நிலையம் அமைந்த செய்தியைப் பின்வருவோர்க்கு அறிவிக்கும் பொறிப்பில் தமிழும் ஒரு மொழியாக இடம்பெற்றுள்ளது. வணிகத்திற்கு வந்து நாட்டைப் பிடித்த அயலானுக்கு, வானநூற் செய்தியைத் தமிழில் வெட்டலாம் என்று தோன்றியிருக்கின்றது. அத் தூண் இன்றும் வானிலை ஆய்வு நிலையத்தின் வளாகத்தில் நிற்கின்றது. 'தமிழில் இயலாது' என்போர் ஒருநாள் அங்குச் சென்று அவ் வெழுத்துகளைத் தடவிப் பார்த்து வரட்டும்.